சாவா மூவா முதல்

நுழையும்முன்

பொருளைப் பற்றிய பேச்சு தமிழுக்குப் புதிதன்று. திருக்குறள் ‘பொருள் செயல்வகை’ என்று ஓர் அதிகாரத்தையே அதற்கு ஒதுக்கியுள்ளது. கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பல, கொடுக்கல் வாங்கல் கணக்குகளே. இருந்தும், பள்ளியை விட்டு வெளியேறும் இளைஞர் பலருக்குத் தம் கையில் முதன்முதலாக வரும் பணத்தை என்ன செய்வதென்று தெரிவதில்லை. வட்டி என்னும் சொல்லைக் கேட்டதும், அது எந்தக் கணக்கில் சொல்லப்படுகிறது, எங்கிருந்து வருகிறது என்று வினவத் தோன்றுவதில்லை. அவ்வாறு வினவப் பழகுவதற்கான கட்டுரை இது.

ஆடும் நெய்யும்

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலை 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்தான். அக்கோயிலின் கல்வெட்டுகளில் போர் வெற்றிகளை மட்டும் தேடிப் புகுவோர் சற்று ஏமாற்றம் அடையக்கூடும். இத்தனை காசு இன்ன ஊர்ச் சபையாரிடம், இத்தனை ஆடு இன்ன இடையரிடம் என்று கணக்கே நீண்டுகொண்டு போகும். அந்தக் கணக்கைப் பொறுமையோடு படிப்பவர்க்கு, முதலீடு என்பதன் இலக்கணம் அதற்குள் கிடைக்கும்.

கோயிலில் ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கென 96 ஆடுகள் ஒதுக்கப்பட்டன. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். ஆடு கிழடாகும், சாகும். ஆனால் குட்டியும் ஈனும். இறந்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும். 96 என்னும் எண்ணிக்கை குறையாது. எனவேதான் கல்வெட்டு அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கிறது. தனித்தனி ஆட்டுக்குச் சாவும் மூப்பும் உண்டு; மந்தைக்கு இல்லை. நெய்யைச் செலவிடலாம், மந்தையைத் தொடக்கூடாது.

காசாக வந்த கொடைக்கும் இதே முறைதான். இராசராசனின் தமக்கை குந்தவை உள்ளிட்டோர் அளித்த காசு கோயிற் பெட்டியில் முடங்கிக் கிடக்கவில்லை. அது ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. வட்டிக்கு அன்று வழங்கிய பெயர் பொலிசை. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, பொலிசை. இன்றைய கணக்கில் ஆண்டுக்கு 12.5 விழுக்காடு. அதைச் செலுத்துவதற்கு அவ்வூர்களில் நிலம் இருந்தது. நிலத்தில் விளைச்சல் இருந்தது.

முதல் குறையாமல் இருக்க வேண்டும். அது ஏதேனும் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். அந்த வேலையின் பலனே வட்டியாகவோ இலாபமாகவோ வர வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த மூன்றில் எதுவும் மாறவில்லை. நெய் ஆட்டிலிருந்து வந்தது. ஆகவே எவரேனும் நம்மிடம் நெய் தருவதாகச் சொன்னால், ஆடு எங்கே என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

தெரிந்து தெளிவோம்
முதலீடு = முதல் + ஈடு. ‘இடு’ என்னும் வினையடி நீண்டு ‘ஈடு’ ஆயிற்று. இது முதனிலை திரிந்த தொழிற்பெயர். சாவா, மூவா என்பன ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள். முதல், கைம்முதல், முதலாளி, முதலீடு ஆகிய சொற்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

வட்டியின் இரு மொழிகள்

நம் ஊர்களில் வட்டி இரண்டு மொழிகளில் பேசப்படுகிறது. தெருவில் ‘இரண்டு வட்டி’, ‘மூன்று வட்டி’ என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்பது அதன் பொருள். வங்கியில் ‘ஏழு விழுக்காடு’ என்று எழுதியிருந்தால், அது நூறு ரூபாய்க்கு ஓர் ஆண்டுக்கு ஏழு ரூபாய். இரண்டையும் அருகருகே கேட்பவர், இரண்டைவிட ஏழு பெரிது என்று மயங்க இடமுண்டு. உண்மையில் இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. மூன்று வட்டி 36 விழுக்காடு. வங்கியின் ஏழு விழுக்காட்டைத் தெருவின் மொழிக்கு மாற்றினால் ‘58 காசு வட்டி’ என்றாகும். எந்த வட்டியைக் கேட்டாலும் உடனே ஆண்டுக் கணக்குக்கு மாற்றிப் பார்ப்பது முதற்பயிற்சி. பெருக்கல் வாய்பாடு தெரிந்தவர்க்கு இது நொடிப்பொழுது வேலை.

சில கடன்களில் வட்டி விகிதம் சொல்லப்படுவதே இல்லை. சந்தையில் காய்கறி விற்பவர்கள் வாங்கும் தண்டல் கடன் அவ்வகையைச் சேர்ந்தது. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேச்சு. ஆயிரத்தை முன்னரே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கையில் தரப்படும். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டி முடிக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே கடன் அடைபட்டு வருவதால், 100 நாளுக்கும் சேர்த்துச் சராசரியாக அவரிடம் இருக்கும் கடன் ஏறத்தாழ 4,700 ரூபாய் மட்டுமே. 4,700 ரூபாய்க்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கும் மேல் ஆகிறது. காலையில் தள்ளுவண்டியை உருட்டிச் செல்பவர் தம் உழைப்பின் நெய்யில் பெரும்பங்கை வேறொருவர் விளக்குக்கு ஊற்றிவிட்டு வருகிறார்.

இருசக்கர வண்டிக் கடனில் வேறொரு நுட்பம் உண்டு. 60,000 ரூபாய், 10 விழுக்காடு ‘ஃபிளாட்’ வட்டி, மூன்று ஆண்டு என்று விற்பனையாளர் சொல்வார். ஆண்டுக்கு 6,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 18,000 வட்டி. ஆக 78,000 ரூபாயை 36 தவணையாகப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 2,167 ரூபாய். ஒவ்வொரு தவணையிலும் கடன் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே போடப்படுகிறது. குறையும் நிலுவைக்கு வட்டி போடும் வங்கிக் கணக்கில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 விழுக்காடு. ‘நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையுமா?’ என்னும் ஒரு கேள்வியில் இவ்வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

இதிலிருந்து முதலீட்டுக்கான ஒரு முடிவும் கிடைக்கிறது. மூன்று வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு ஏழு விழுக்காட்டு வைப்புநிதியில் பணம் போடும் குடும்பம், ஆண்டுதோறும் நூற்றுக்கு 29 ரூபாயை இழக்கிறது. அக்குடும்பத்துக்கு அக்கடனை அடைப்பதைவிடச் சிறந்த முதலீடு நாட்டில் எங்கும் இல்லை.

ஈமு எதைத் தந்தது?

கடன் வாங்குபவரிடம் வட்டி மறைக்கப்படுகிறது என்றால், முதலீடு செய்பவர் முன் அது மிகைப்படுத்தப்படுகிறது. ‘மாதம் பத்து விழுக்காடு’ என்று விளம்பரம் வந்தால், கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் இலட்சம் ரூபாய் மாதம் 10 விழுக்காட்டில் வட்டிக்கு வட்டியாக வளர்ந்தால், ஓராண்டில் 3 இலட்சத்து 13 ஆயிரத்தைத் தாண்டும். ஐந்தாண்டில் மூன்று கோடியைக் கடந்துவிடும். உண்மையிலேயே அப்படி ஈட்டும் வழி தெரிந்தவர், ஓர் இலட்சத்தைத் தாமே எங்கேனும் புரட்டிக்கொண்டு அமைதியாக இருந்துவிடுவார். தெருத்தெருவாக முகவரை அனுப்பி உங்கள் பாட்டியின் சேமிப்பைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

கொங்கு நாட்டில் பெருந்துறையை மையமாகக் கொண்டு ஈமுக்கோழி நிறுவனங்கள் தோன்றியதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பணம் கட்டினால் ஈமுக் குஞ்சுகளும் தீவனமும் தரப்படும். வளர்ப்பதற்கு மாதந்தோறும் தொகை உண்டு. முடிவில் கட்டிய பணமும் திரும்பும் என்பது வாக்குறுதி. தொடக்கத்தில் மாதத் தொகை ஒழுங்காக வந்தது. அதைக் கண்ட உறவினரும் அண்டை வீட்டாரும் சேர்ந்தனர். ஆனால் ஈமுவின் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் அவ்வளவு பெரிய சந்தை எங்கும் இருக்கவில்லை. முன்னவர்க்குக் கொடுத்த பணம் பின்னவர் கட்டிய பணமே. புதியவர் வரவு நின்றதும், 2012ஆம் ஆண்டில் அந்நிறுவனங்கள் சரிந்தன. கைவிடப்பட்ட பறவைகளுக்குத் தீனியிடும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டியதாயிற்று. வழக்குகள் நடந்தன, தண்டனையும் வழங்கப்பட்டது. ஆயினும் செலவழிந்துபோன பணத்தைத் தீர்ப்பு திரும்ப உண்டாக்கித் தருவதில்லை.

தஞ்சை இடையரின் ஆட்டுக்கும் பெருந்துறை ஈமுவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இரண்டும் உயிருள்ளவை, இரண்டும் குட்டியோ குஞ்சோ பெறக்கூடியவை. ஆனால் ஆட்டின் நெய் நாள்தோறும் அளக்கப்பட்டது. எல்லார் கண்ணுக்கும் தெரிய விளக்கில் எரிந்தது. ஈமுவைச் சுட்டிக்காட்டியவர்கள் ஈமுவின் வருமானத்தைக் காட்டவில்லை. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எள்ளுவது எளிது, அது நேர்மையன்று. மழை பொய்த்த ஆண்டில் மாத வருமானம் ஒன்றைத் தேடிய உழவர்களும் அவர்களுள் இருந்தனர். நிலத்தைப் பற்றி நூறு கேள்வி கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்கு, நிதி நிறுவனத்தைக் கேட்க வேண்டிய கேள்விகளை எவரும் கற்றுத் தரவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1990களில் மிகை வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் பல வீழ்ந்ததையடுத்து, தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் நடுவண் சட்டம் 2019இல் வந்தது. காவல்துறையில் பொருளாதாரக் குற்றப்பிரிவு தனியே இயங்குகிறது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறும் உரிமை ஒரு நிறுவனத்துக்கு உண்டா என்பதை இந்திய ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முந்தைய நாள் இதைப் பார்ப்பவருக்கு ஐந்து நிமிடம் செலவாகும். பின்னர்ப் பார்ப்பவர் நீதிமன்றப் படிகளை ஆண்டுக்கணக்கில் ஏற நேரிடும்.

உண்டியலின் இழப்பு

அப்படியானால் எவரையும் நம்பாமல் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கும் இழப்பு உண்டு, சத்தமில்லாத இழப்பு. விலைவாசி ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறினால், பன்னிரண்டு ஆண்டுகளில் விலைகள் இருமடங்காகும். 72 என்னும் எண்ணை ஆண்டு விழுக்காட்டால் வகுத்தால், ஒரு தொகை இருமடங்காவதற்கான ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைத்துவிடும். இன்று உண்டியலில் போட்ட 1,000 ரூபாய், பன்னிரண்டு ஆண்டு கழித்தும் 1,000 ரூபாயாகவே இருக்கும். ஆனால் 500 ரூபாய்ப் பொருளைத்தான் வாங்கும். வங்கி ஏழு விழுக்காடு தரும் காலத்தில் விலைவாசி ஐந்து விழுக்காடு ஏறினால், நாம் உண்மையில் ஈட்டுவது இரண்டு விழுக்காடே.

காலம் நமக்கு எதிராக வேலை செய்வதைப் போலவே நமக்காகவும் வேலை செய்யும். ஆண்டுக்கு 7.2 விழுக்காடு வட்டியில், பத்தாண்டுக்கு ஒருமுறை பணம் இருமடங்காகும். இருபது வயதில் போட்ட 10,000 ரூபாய் முப்பது வயதில் 20,000, நாற்பதில் 40,000, ஐம்பதில் 80,000, அறுபதில் 1,60,000. கடைசிப் பத்தாண்டில் மட்டும் 80,000 ரூபாய் சேர்வதைக் கவனியுங்கள். பத்தாண்டு தாமதமாகத் தொடங்குபவர், தாம் இழப்பது தொடக்கத்தின் சிறிய 10,000 ரூபாயை என்று எண்ணிக்கொள்கிறார். அவர் உண்மையில் இழப்பது இறுதியில் வரவேண்டிய அந்த 80,000 ரூபாயை. இந்த ஒரு கணக்கில் மட்டும், உங்கள் ஆசிரியர்களைவிட நீங்கள் செல்வர்கள்.

சீட்டும் தங்கமும்

நம் குடும்பங்களில் சேமிப்பு என்றதும் நினைவுக்கு வருபவை சீட்டும் நகையும். ஏலச்சீட்டை வெறும் சேமிப்பு என்று சொல்லிவிட முடியாது. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டினால், ஒவ்வொரு மாதமும் ஓர் இலட்சம் சேரும். அவசரத் தேவை உள்ளவர் ஐந்தாம் மாதத்திலேயே 20,000 ரூபாய் தள்ளி 80,000 ரூபாய்க்குச் சீட்டை எடுக்கிறார். சீட்டு நடத்துபவரின் தரகு போக எஞ்சிய தள்ளுத்தொகை மற்றவர்க்குப் பகிரப்படுகிறது. முன்னதாக எடுப்பவர் கடன் வாங்குகிறார். கடைசியில் எடுப்பவர் கடன் கொடுக்கிறார். ஒரே சீட்டில் இருவரும் அமர்ந்திருக்கிறார்கள். வங்கி வாசலை மிதிக்கத் தயங்கியவர்களுக்குச் சீட்டு பெருந்துணையாக இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் எடுத்தவர் தொடர்ந்து கட்டுவாரா, நடத்துபவர் ஊரில் இருப்பாரா என்னும் இரண்டிலும்தான் அதன் உயிர் இருக்கிறது. சீட்டு நிதிகள் சட்டம், 1982இன்படி பதிவு செய்த சீட்டில், நடத்துபவர் முன்கூட்டியே ஈடு கட்ட வேண்டும். பதிவு எண் இல்லாத தீபாவளிச் சீட்டில் நம்பிக்கையைத் தவிர வேறு ஈடு இல்லை.

தங்கத்தைக் குறைத்துப் பேசத் தமிழ்நாட்டில் எவருக்கும் துணிவு வராது. விலைவாசி ஏறும் காலங்களில் அது கைகொடுத்திருக்கிறது. அவசரத்துக்கு அடகு வைக்கவும் உதவுகிறது. ஆயினும் நகை வேறு, தங்கம் வேறு. வாங்கும்போது செய்கூலி, சேதாரம், வரி மூன்றும் சேர்கின்றன. விற்கும்போது அவற்றுள் எதுவும் திரும்புவதில்லை. அணிவதற்கு நகை வாங்குவது ஒரு மகிழ்ச்சி. அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதுவது கணக்குப் பிழை. மேலும், தங்கம் குட்டி போடாது. அதன் விலை ஏறலாம், இறங்கலாம். அது எந்த வேலையும் செய்து நெய் தருவதில்லை.

பங்கும் பொறுமையும்

பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒரு சிறு துண்டு. பின்னலாடை ஆலை ஒன்று இலாபம் ஈட்டினால், அதில் பங்கு வைத்திருப்பவருக்கும் உரிமை உண்டு; நட்டமடைந்தால் அதிலும் பங்குண்டு. வைப்புத்தொகையில் வட்டி முன்னரே சொல்லப்படுகிறது. பங்கில் எதுவும் சொல்லப்படுவதில்லை. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ், 2008 சனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 9,000 புள்ளிகளுக்குக் கீழே விழுந்தது. மீண்டும் 21,000 புள்ளிகளை எட்ட 2010 நவம்பர் ஆயிற்று. அச்சத்தில் அக்டோபரில் விற்றவருக்கு அது பேரிழப்பு. காத்திருந்தவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு. இதில் பாடம் ஒன்றுதான்: அடுத்த ஆண்டு கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிய பணத்தைப் பங்கில் போடக்கூடாது; பத்தாண்டுக்குத் தொடத் தேவையில்லாத பணத்தைப் போடலாம்.

எந்த நிறுவனம் வளரும் என்று கணிப்பது, அதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் எளிதாக இல்லை. பலரது பணத்தைத் திரட்டிப் பல நிறுவனங்களில் பிரித்துப் போடும் பரஸ்பர நிதி அதற்காகவே தோன்றியது. இந்தியாவில் யூனிட் டிரஸ்ட் நிறுவனம் 1964இல் முதல் திட்டத்தைத் தொடங்கியது. குறியீட்டெண்ணில் உள்ள நிறுவனங்களை அப்படியே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதிகளில் நிர்வாகச் செலவு குறைவு. தொடக்கநிலையில் உள்ளவர்க்கு, மாதந்தோறும் ஒரே தொகையை அதில் இட்டு வருவது போதும் என்பது என் கருத்து. எந்த நிதியாயினும் அது செபி என்னும் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையும்வரை காப்பாளர் வழியாகவே இவற்றில் சேர இயலும்.

கைப்பேசித் திரையில் வரும் வேறொன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பேர வணிகத்தில் சில நிமிடங்களில் பணம் ஈட்டலாம் என்று கற்றுத்தரும் காணொலிகள் உங்களில் பலர் பார்த்தவையே. செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குசார் முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அங்கே ஆடும் இல்லை, நிலமும் இல்லை. ஒருவர் ஈட்டுவது இன்னொருவர் இழப்பதே. தரகுக் கட்டணம் இருவரிடமிருந்தும் போகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

முதலீட்டுக்கு முன் மழைக்காலத்துக்கான பணம் தனியே இருக்க வேண்டும். வேலை போனாலும் நோய் வந்தாலும் குடும்பத்தின் மூன்று மாதச் செலவுக்கு ஆகும் தொகை, உடனே எடுக்கும் வகையில் சேமிப்புக் கணக்கில் இருப்பது நல்லது. விதைநெல்லைக் குத்தாமல் பஞ்சத்தைக் கடக்க வேறு வழியில்லை. வங்கி நலிவடைந்தாலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள வைப்புத்தொகைக்கு வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

அடுத்தது காப்பீடு. ஈட்டுபவர் மறைந்தால் குடும்பம் என்ன செய்யும் என்னும் வினாவுக்கு விடை அது. பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 இலட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு கிடைக்கிறது. சுரக்‌ஷா திட்டத்தில் 20 ரூபாயில் 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. உங்கள் பெற்றோரின் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் இவற்றுக்கான பிடித்தம் பதிவாகியிருக்கிறதா என்று இன்று மாலை பார்க்கலாம். காப்பீட்டையும் சேமிப்பையும் ஒன்றாகக் கட்டித் தரும் பாலிசிகள் பல விற்கப்படுகின்றன. அவற்றில் காப்பீடு போதுமான அளவு இருப்பதில்லை. வளர்ச்சியும் பெரும்பாலும் வங்கி வைப்பை விஞ்சுவதில்லை. இரண்டையும் தனித்தனியே வாங்குவது மேல்.

உங்களுக்கு அண்மையில் இருக்கும் பணத்துக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பலருக்குத் தம் பெயரில் முறையாக வரும் முதல் வருமானம் இது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் 500 ரூபாய் போக, எஞ்சிய 500 ரூபாயை வங்கியின் தொடர் வைப்பில் மூன்று ஆண்டு இட்டால் 18,000 ரூபாய் சேரும். ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டியெனில் மேலும் ஏறத்தாழ 1,900 ரூபாய். வீட்டில் அந்த 500 ரூபாயும் அரிசிக்கே தேவைப்படுகிறது என்றால், அரிசி வாங்குவதே சரி. அதற்காக எவரும் நாண வேண்டியதில்லை. பத்து வயது நிறைந்தவர் அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். வேலைக்குச் சென்றபின், பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுதோறும் ஏப்ரல் தொடக்கத்தில் 12,000 ரூபாய் வீதம் பதினைந்து ஆண்டு கட்டினால், 7.1 விழுக்காடு வட்டி மாறாதிருக்கும் நிலையில், 1,80,000 ரூபாய் ஏறத்தாழ 3,25,000 ரூபாயாகும்.

கணக்கு தொடங்கும் படிவத்தில் வாரிசு நியமனத்துக்கென ஒரு கட்டம் இருக்கும். பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். கணக்குடையவர் மறைந்தபின், அந்த ஒரு கட்டத்துக்காகக் குடும்பத்தார் சான்றிதழ் தேடி அலைய நேரிடுகிறது. பத்தாண்டு உரிமை கோரப்படாத வைப்புகள் வங்கியிலிருந்து ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படுகின்றன. எனினும் உரியவர் வந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இதற்காக ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்னும் இணையதளத்தை 2023இல் தொடங்கியது. வங்கியில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் படிவம் நிரப்பித் தருபவர்கள் பெரும்பாலும் நீங்களே. அடுத்தமுறை செல்லும்போது அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். வீட்டுப் பெட்டியின் அடியில் பழைய கணக்குப் புத்தகம் ஏதேனும் கிடந்தால், அதில் உள்ள பெயரை அந்த இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.